மாப்பிள்ளையின் அப்பா கை நீட்டுகிறவர்: அந்தக் குணம் மகனுக்கும் ரத்தத்தில் வருமா?

கப்பலூர்க்காரன் எழுதியது:

அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தாய்மாமன் என்பதால் விசாரிக்கிற பொறுப்பு என் தலையில். பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். குடி, சீட்டு எதுவும் கிடையாது. பொண்ணுக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் ஊரில் போய் விசாரித்தால் எல்லாரும் தயங்கித் தயங்கி ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். பையனின் அப்பா குடித்துவிட்டு வந்து சம்சாரத்தைப் போட்டு அடிப்பாராம். இன்றைக்கும் அப்படித்தானாம். தாத்தாவும் அதே மாதிரி இருந்தவர்தானாம்.

அக்கா, "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? வேண்டாம்" என்கிறார். மச்சான், "அப்பன் செய்ததற்குப் பையன் என்ன பண்ணுவான்" என்கிறார். இதற்கு நடுவில் என் மகன் யூடியூபில் ஒரு வீடியோ காட்டினான். 'போர்வீரன் ஜீன்' என்று ஒன்று இருக்கிறதாம். அது இருந்தால் பிறவியிலேயே மூர்க்க குணம் வருமாம். எச்சில் எடுத்து அனுப்பினால் சோதித்தும் சொல்லிவிடுவார்களாம். இதில் எவ்வளவு உண்மை? படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஒரு பொண்ணோட வாழ்க்கை இது.

வைகைக்கரை எழுதியது:

யோசிக்கவே வேண்டாம் அண்ணே, விட்டுவிடுங்கள். தாத்தா, அப்பா என்று இரண்டு தலைமுறையாக வந்தது மூன்றாவதில் மட்டும் நின்றுவிடுமா? பெரியவர்கள் வீட்டு வழிமுறை பார்த்துப் பொண்ணு கொடுத்ததே இதற்காகத்தான். நம்ம பக்கம் சில வீட்டு ஆட்களுக்கு ரத்தமே சூடு. அதை யாராலும் மாற்ற முடியாது.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

கப்பலூர் அண்ணே, அந்த வீடியோவில் வரும் மரபணு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு தப்பு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மரபியல் நடத்துகிறவன் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பம். அந்த வீட்டு ஆண்கள் பலருக்கு அறிவு வளர்ச்சியில் லேசான குறை. அதோடு சட்டென்று மூர்க்கமாகிவிடுவார்கள். தீ வைத்தவர் உண்டு. வேலை கொடுத்தவர் மேல் காரை ஏற்றப் பார்த்தவர் உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கு இப்படி எதுவும் இல்லை. ஹான் புரூன்னர் என்ற மரபியல் மருத்துவர் அவர்களைச் சோதித்து 1993ல் காரணத்தை வெளியிட்டார். எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு அந்த ஆண்களிடம் முழுக்க வேலை செய்யாமல் கிடந்தது. மூளையில் செரட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைத்து அளவோடு வைக்கிற நொதியை உண்டாக்குவது அந்த மரபணுதான். ஆனால் இப்படி முழுசாக செயலிழப்பது அபூர்வத்திலும் அபூர்வம். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களில்தான் பார்த்திருக்கிறார்கள்.

வீடியோக்காரர்கள் 'போர்வீரன்' என்று சொல்வது இதை இல்லை. அதே மரபணுவில் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிற ஒரு வகையை. ஐரோப்பிய ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்த வகை இருக்கிறது. வாத்தியார், பூசாரி, டாக்டர் என்று எல்லாரிடமும் இருக்கும். அதை வைத்து ஒரு ஆளின் குணத்தைச் சொல்ல முடியும் என்றால் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் வெட்டுக்குத்து நடக்க வேண்டும். எச்சில் சோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். வருகிற காகிதம் ஒன்றையும் சொல்லாது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில். அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். அதாவது, இவ்வளவு பேர் பேசுகிற இந்த மரபணு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகவே வழியில்லை. அந்தப் பையனிடம் அது இருந்தால், அடி வாங்குகிற அந்த அம்மாவிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

செக்கானூரணி எழுதியது:

சார், சொந்தத்துக்குள் கட்டினால்? நம்ம பக்கம் பாதிக் கல்யாணம் மாமன் மகள், அத்தை மகள்தானே. அப்போது அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ஒன்றுதானே?

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அப்பா தன் தாய்மாமன் மகளைக் கட்டியிருந்தால் வாய்ப்பு உண்டு. அப்பாவின் எக்ஸ் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அந்த அம்மாவின் தம்பியும் அதே எக்ஸை வாங்கியிருக்கலாம், அதை அப்படியே தன் மகளுக்குக் கொடுத்திருப்பார். அக்கா மகளைக் கட்டினாலும் இதே மாதிரிதான். ஆனால் அவர் தன் அப்பாவுடன் பிறந்த அத்தையின் மகளைக் கட்டியிருந்தால் அந்த வழி கிடையாது, ஏனென்றால் ஆணுக்கு அப்பா பக்கத்து எக்ஸ் வருவதே இல்லை. ஒரே முறைக் கல்யாணம் மாதிரி தெரிந்தாலும் குரோமோசோம் கணக்கு வேறு. எப்படி இருந்தாலும், அந்த வகை இருப்பதால் மட்டும் ஒருவர் அடிப்பவராக ஆவதில்லை.

வைகைக்கரை எழுதியது:

வாத்தியார் சார், ஒரு மரபணுவைக் காட்டி மொத்தத்தையும் கழித்துவிட முடியாது. இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகள் எத்தனையோ இருக்கின்றன. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முரட்டுத்தனம், சட்டத்தை மீறும் குணம் இவற்றில் 40 சதவீதத்துக்கு மேல் மரபுவழி என்றுதானே வந்தது? நானும் படித்திருக்கிறேன்.

விலங்கியல் வாத்தியார் எழுதியது:

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றிய எண். இந்தப் பையன் அடிக்க 40 சதவீதம் வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை. அது ஒரு மரபணுவின் வேலையும் இல்லை. துளித்துளியாக ஆயிரக்கணக்கான மரபணுக்கள். அவற்றில் வருவதும் அவசர புத்தி, பயம் குறைவு, போதைக்குச் சீக்கிரம் அடிமையாவது போன்ற பொதுவான போக்குகள்தான். 'பொண்டாட்டியை அடி' என்று எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை.

நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊரில் 1972, 73ல் பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதிலிருந்த ஆண்களை வைத்து 2002ல் ஓர் ஆய்வு வந்தது. எம்.ஏ.ஓ.ஏ. மெதுவாக வேலை செய்கிற வகையும் இருந்து, சின்ன வயதில் கடுமையான அடியும் கொடுமையும் பட்டவர்கள் பெரியவர்களானபோது வன்முறையில் அதிகமாக இறங்கினார்கள். மொத்தத்தில் 12 சதவீதமாக இருந்த அந்தப் பிரிவினரிடமிருந்துதான் வன்முறைத் தண்டனைகளில் 44 சதவீதம் வந்தது. ஆனால் அதே மரபணு வகை இருந்து, வீட்டில் நல்லபடியாக வளர்ந்தவர்களிடம் அந்தக் கூடுதல் எதுவும் இல்லை. இதை எல்லா ஆய்வும் ஒரே அளவில் உறுதி செய்துவிடவில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் அடிபட்ட பிள்ளைப் பருவம்தான் தனியாக நின்று கனமாகத் தெரிகிறது.

உசிலை எழுதியது:

வைகைக்கரை அண்ணன் முதலில் எழுதிய 'சில வீட்டு ரத்தம் சூடு' என்ற வரியை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒரு கூட்டத்தைக் குறிக்கிற சட்டம் இந்த மண்ணில்தான் நடந்தது. 1871ல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பிறகு நம்ம பக்கத்துக்கும் வந்தது. வயசுக்கு வந்த ஆம்பளை எல்லாம் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது, ஆஜர் கொடுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதன் வலியோடேயே போய்ச் சேர்ந்தவர்கள்.

அதனால் ரத்தம், பரம்பரை என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடம்பு பதறும். விஞ்ஞானப் பெயரோடு வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ஆள் செய்ததைப் பேசுகிறீர்களா, ஒரு கூட்டத்தின் பிறப்பைப் பேசுகிறீர்களா?

வைகைக்கரை எழுதியது:

உசிலை, எந்தச் சமூகத்தையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை. குடும்பத்தைத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன். பையனின் அப்பாவைப் பற்றிய சந்தேகம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது.

போடிமெட்டு எழுதியது:

ஒரு கணக்கு சொல்கிறேன். 2019–21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம். கேரளாவில் 10 சதவீதம். எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் கேரளா. இரண்டு பக்கமும் கொண்டான் கொடுத்தான் உறவே உண்டு. மலையைத் தாண்டியதும் ஜீன் மாறிவிடுமா? வெளியே சொல்லாமல் விடுகிறவர்கள் அங்கேயும் இருப்பார்கள், சரி. அதைக் கழித்துப் பார்த்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ரத்தம் காரணமாக இருக்க முடியாது.

குடியும் அந்த ஆய்விலேயே தெளிவாகத் தெரிகிறது. நாடு முழுக்கப் பார்த்தால், அடிக்கடி போதையில் இருக்கும் கணவர்களின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவிகளில் அது 23.

வார்டு அக்கா எழுதியது:

மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். மரபணுவை வாத்தியார் சொல்லிவிட்டார். மூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஆபத்து என்று தெரிந்ததும் மூளைக்குள் முதலில் எழுவது அமிக்டலா என்ற சின்னப் பகுதி. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை, 'பொறு, இது என்ன என்று பார்ப்போம்' என்று நிதானிக்க வைக்கிற பகுதி. அது முழுசாக முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகும். குடி அந்த நிதானத்தைத்தான் முதலில் மழுக்குகிறது. வருஷக்கணக்கில் குடித்தால் முன்மூளை சுருங்கவும் செய்யும். பொண்டாட்டி மேல் ஆதாரமே இல்லாமல் சந்தேகப்படுகிற நோய் சில குடிகாரர்களுக்கு வரும், அதில் கொலைகூட நடக்கும். தலையில் பலமாக அடிபட்டு முன்மூளை சேதமானவர்கள் ஆளே மாறிப்போவதும் உண்டு. அதனால் மூளைக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வைத்தியம் பார்த்தால் குறைகிற கோபமும் இருக்கிறது.

ஆனால் நான் அதிகமாகப் பார்த்தது பிள்ளைகளின் மூளை எப்படி மாறுகிறது என்பதை. பள்ளிக்கூடத்தில் கவனமே இல்லை என்று ஒரு அம்மா எட்டு வயசுப் பையனைக் கூட்டி வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்: "அப்பா எக்ஸெல் வண்டியை ஒரே மிதியில் ஸ்டாண்டு போட்டா அன்னைக்கு ஒண்ணும் இல்ல. கால் வழுக்கி ரெண்டு மூணு தடவை மிதிச்சா குடிச்சிருக்காருன்னு அர்த்தம். உடனே தங்கச்சியைத் தூக்கிக்கிட்டு பின்னாடி தண்ணித் தொட்டி மறைவுக்குப் போயிருவேன்." வண்டிச் சத்தத்தை வைத்து இவ்வளவு நுணுக்கமாகக் கணிக்கிற பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டில் மனசு எப்படி நிற்கும்?

லண்டனில் இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளை ஸ்கேனில் படுக்க வைத்துக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். 2011ல் முடிவு வந்தது. மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அமிக்டலாவும் பக்கத்தில் இன்சுலா என்ற பகுதியும் அதிகமாக வேலை செய்தன. போர்முனைக்குப் போய் வந்த ராணுவ வீரர்களிடம் பார்த்த அதே மாதிரி. அந்தப் பிள்ளைகளுக்கு நோய் ஒன்றும் கிடையாது. பிழைப்பதற்காக மூளை தன்னை அப்படிப் பழக்கிக்கொண்டது. பெரியவன் ஆன பிறகு பொண்டாட்டி சாதாரணமாக முகம் சுளித்தாலும் அது அபாயமாகத் தெரியலாம், பிரச்சினை அங்கேதான் வருகிறது.

அதற்காக எல்லாப் பிள்ளையும் அப்பா வழியில் போவதில்லை. சின்ன வயதில் கொடுமைப்பட்டதாகக் கோர்ட்டில் பதிவான 908 பிள்ளைகளை அமெரிக்காவில் பின்தொடர்ந்தார்கள். 1989ல் வந்த ஆய்வு. மேஜராகும் முன்பே குற்றத்துக்காகக் கைதானவர்கள் 26 சதவீதம். அப்படிப்பட்ட கொடுமை இல்லாத பிள்ளைகளில் அது 17. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கொடுமைப்பட்டவர்களிலும் நாலில் மூன்று பேர் அந்தப் பக்கம் போகவில்லை.

கருப்புக்கோட்டு எழுதியது:

குடும்ப வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். 'மூளையில் கோளாறு, வெறி வந்தால் தன்னை மறந்துவிடுவார்' என்று எதிர்த்தரப்பு சொல்லாத வழக்கு குறைவு. குறுக்கு விசாரணையில் நான் கேட்பது இதுதான்: அடிப்பதற்கு முன் டிவி சத்தத்தைக் கூட்டினாரா? கதவுத் தாழ்ப்பாள் போட்டாரா? சேலைக்கு வெளியே தெரிகிற இடத்தில் அடித்தாரா, மறைகிற இடத்திலா? மாமனார் வந்திருந்த நாளில் அடித்தாரா? பெரும்பாலான வழக்கில் பதில் ஒரே மாதிரி இருக்கும். முதுகு, தொடை, தலைமுடிக்குள். இவ்வளவையும் யோசித்துச் செய்கிறவருக்கு முன்மூளை நன்றாகவே வேலை செய்கிறது. அவர் அடிக்கிறது அடிக்கலாம் என்று தெரிந்துதான். ஊரும் கேட்காது, மச்சினன்மாரும் கேட்க மாட்டார்கள், அவளுக்குப் போக இடமும் இல்லை.

மரபணு கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் பிராட்லி வால்ட்ரூப் என்பவர் 2006ல், பிரிந்து வாழ்ந்த மனைவியை வெட்டிக் கொல்லப் பார்த்தார், கூட வந்த தோழியைச் சுட்டுக் கொன்றார். எம்.ஏ.ஓ.ஏ. வகையும் சின்ன வயதுக் கொடுமையும் இருக்கிறது என்று 2009ல் வாதாடினார்கள். ஜூரி கொலைக் குற்றத்தைக் குறைத்துத் தீர்ப்புச் சொன்னது, மரண தண்டனை கிடைக்கலாம் என்ற நிலை போய் 32 வருஷச் சிறை ஆனது. அதே வருஷம் இத்தாலியில் ஒரு கொலை வழக்கில் மரபணுவைக் காரணம் காட்டி ஒரு வருஷம் குறைத்தார்கள். இதெல்லாம் நல்லதா என்றால், எனக்கு நல்லதாகப் படவில்லை. ஜீன் இருக்கிறவன் திருந்த மாட்டான் என்றால் அவனை இன்னும் அதிக நாள் உள்ளே வை என்றும் ஒரு நாள் சொல்வார்கள். நம் சட்டத்தில், தானாகக் குடித்துவிட்டு வந்த போதை யாரையும் குற்றத்திலிருந்து விடுவிக்காது. அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.

தறிச்சத்தம் எழுதியது:

செல்லூரில் இருக்கிறேன். கப்பலூர் அண்ணன் கேட்கிற அந்தப் பையன் மாதிரி வீட்டில் வளர்ந்தவன் நான்.

வார்டு அக்கா சொன்ன வண்டிச் சத்தம் எங்கள் வீட்டில் செருப்புச் சத்தம். இன்றைக்கும் யாராவது வாசலில் செருப்பை வேகமாக உதறினால் எனக்கு நெஞ்சு அடிக்கும். கோபம் சட்டென்று வரும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆகி மகள் பள்ளிக்கூடம் போகிறாள், வீட்டில் கை நீட்டியது கிடையாது. எனக்கு வாய்த்தது தாத்தா வீடு. அம்மாவைப் பெற்றவர், மேலூர் பக்கம் விவசாயம். லீவு விட்டால் அங்கே போய்விடுவேன். அவரும் கோபக்காரர்தான். ஆச்சியோடு சண்டை வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கம்மாய்க்கரைக்குப் போய்விடுவார், பொழுது சாயத் திரும்பி வந்து சாப்பிட உட்காருவார். ஆம்பளை கோபப்பட்டால் இப்படியும் செய்யலாம் என்று நான் பார்த்தது அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே என் சம்சாரத்திடம் சொன்னேன், எனக்குக் கோபம் வந்தால் வெளியே போய்விடுவேன், தடுக்காதே, திரும்பி வந்து பேசுவேன் என்று.

அண்ணே, அந்தப் பையனிடம் ஜீனைப் பார்க்காதீர்கள். அவங்க அப்பா அடிக்கிறதைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். "அப்பா செய்றது தப்பு" என்று நேராகச் சொன்னால் நல்லது. "அம்மாவும் வாய் அடங்க மாட்டாங்க" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், அவர் குடிக்காதவராக இருந்தாலும் சரி.

கப்பலூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தறிச்சத்தம் தம்பி எழுதியதை அக்கா மகளிடம் வாசித்துக் காட்டினேன். இதை மாமா கேட்க வேண்டாம், நானே கேட்கிறேன் என்றாள். சரி என்றேன். அவரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கோபம் வந்தபோது அந்தப் பையன் என்ன செய்வார் என்பதை வேலை பார்க்கிற இடத்திலும் விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன். ரூமில் கூடத் தங்கியிருக்கிறவர்களுக்குத் தெரியும் இல்லையா?

கருப்புக்கோட்டு எழுதியது:

தெரியும். அதோடு, அவருக்குக் கீழே இருக்கிறவர்களிடம் எப்படி நடக்கிறார் என்றும் கேளுங்கள். ஹோட்டலில் டேபிள் துடைக்கிற பையன், கம்பெனியில் ஹெல்பர், இவர்களிடம். மேலதிகாரியிடம் எல்லாரும் நல்ல பிள்ளைதான். போனை எடுத்துப் பார்ப்பது, யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்பது, சேலை சுடிதார் விஷயத்தில் கட்டளை போடுவது, இவையும் நிச்சயத்துக்கு முன்பே தெரிந்துவிடும். பொண்ணு அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேலூர் பொண்ணு எழுதியது:

ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். மகனுக்கு வருமா வராதா என்றே பேசுகிறோம். இன்றைக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கிற அந்த அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. ஊரே சொல்கிறது என்கிறார் அண்ணன். ஊருக்கே தெரிந்தும் இத்தனை வருஷம் அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அது பையன் வீட்டுக் குறையாக மட்டும் தெரிகிறது. மூளை என்றால் அடிக்கிறவன் மூளையை மட்டும் பார்க்க வேண்டுமா? அடி விழுகிற தலைக்குள்ளும் ஒரு மூளை இருக்கிறதே.

வார்டு அக்கா எழுதியது:

தாயி, நீ கேட்டது சரியான கேள்வி.

தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கின பெண்களுக்கு மறதி, தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கம் இல்லாமை, நிதானமாக ஒரு வேலையைத் தொடர்ந்து செய்ய முடியாமை எல்லாம் வரும். சுவரில் மோதவிட்டால் ரத்தம் வராமலேயே மூளை குலுங்கும். விளையாட்டு வீரர்களுக்கு இதைப் பற்றி எவ்வளவோ ஆராய்ச்சி நடந்தது, வீட்டில் அடிபடுகிற பெண்களைப் பற்றி ரொம்ப தாமதமாகத்தான் ஆரம்பித்தார்கள். ஊரில் இவர்களை 'மந்தம்', 'ஞாபகமே இல்லாதவ', 'ஒரு சோறு ஒழுங்கா வடிக்கத் தெரியாதவ' என்று திட்டுவார்கள். அதற்கும் சேர்த்து அடி விழும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கழுத்தை நெரிப்பதை. சில விநாடிகளில் நினைவு தப்பும். சான் டியாகோவில் இப்படிப்பட்ட 300 போலீஸ் வழக்குகளை எடுத்துப் பார்த்ததில் பாதிப் பெண்களுக்கு வெளியே ஒரு தடயமும் தெரியவில்லை. ஆனால் முன்பு ஒரு தடவை கழுத்தை நெரித்தவன் பிறகு கொல்லுகிற அபாயம் ஏழு மடங்குக்குப் பக்கத்தில் கூடுகிறது என்று 2008ல் வந்த ஆய்வு சொல்கிறது. குரல் கரகரப்பு, முழுங்க வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, அந்த நேரத்தில் சிறுநீர் போனது, இதில் ஏதாவது இருந்தால் தழும்பு இல்லாவிட்டாலும் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போக வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார்களா?

கப்பலூர்க்காரன் எழுதியது:

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். சம்பந்தம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நான் அந்த வீட்டுக்கு ஒன்றும் இல்லாதவன். வெளியாள் தலையிட்டால் அவர்களுக்குத்தானே கூடுதல் அடி விழும்? சட்டத்தில் என்னை மாதிரி ஆளுக்கு இடம் இருக்கிறதா?

கருப்புக்கோட்டு எழுதியது:

இருக்கிறது அண்ணே. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் நாலாவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. நடந்ததோ நடக்கப்போவதோ தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் கேஸும் போட முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் பாதுகாப்பு அலுவலர் யார் என்று சொல்வார்கள். 181க்குப் போன் செய்தாலும் போதும்.

கூடுதல் அடி விழும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதலில் அந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் அன்றைக்கு ராத்திரி நிச்சயம் விழும். கேட்கிறவர் பெண்ணாக இருந்தால் நல்லது, உங்கள் அக்காவே போகலாம். கணவர் இல்லாத நேரம், போனில் வேண்டாம், நேரில். 'வீட்டை விட்டுப் போகச் சொல்வார்கள்' என்று அவர் பயந்தால் பதினேழாவது பிரிவைச் சொல்லுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவருக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. கணவர் அடிக்கக் கூடாது, பக்கத்தில் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்க முடியும். அதை மீறினால் ஜெயில். கணவருக்குக் குடியை நிறுத்த வைத்தியம் தேவை என்றால் அதுவும் நடக்கட்டும், ஆனால் அது அவர் திருந்துகிறவரை இவர் பொறுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையாக ஆகிவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போனால், கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். யார் அடித்தார், எதால் அடித்தார், எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொன்னால் அதை அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதுவார். கழுத்தை நெரித்திருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ஏ.ஆர். காப்பியை வாங்கி வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பையன் ஓசூரில்தானே இருக்கிறார், அவரிடமே கொடுக்கலாம். வாங்கி வைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள்.